கல் பாவிய குளியலறை: சந்தடைத்தலும் பராமரிப்பும்

தருமபுரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கல்லின் உறுதியைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இங்கே ஏர் இடறுவதும் கல்லில்தான். வேலிக்கு நடுவதும் கல்லைத்தான். தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பல நூற்றாண்டுகள் வெட்டவெளியில் வெயிலும் மழையும் தாங்கி நின்ற பின்னரும், அவற்றில் வீரனின் உருவமும் கையிலுள்ள வில்லும் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

அத்தகைய கல்லைக் குளியலறையில் பாவினால் அது நான்கு ஆண்டுக்குள் கெட்டுவிடுவது எப்படி? "தளம் கறுத்துவிட்டது, சந்துகளில் பாசி படிகிறது, அடுத்த அறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது" என்னும் முறையீட்டை நம் கிராமங்களில் இன்று அடிக்கடி கேட்கிறோம். வீட்டுக்காரர் கடைக்காரரைக் குறை கூறுகிறார். கடைக்காரர் கொத்தனாரைக் கைகாட்டுகிறார். நாம் பார்த்த அளவில் பெரும்பாலும் குற்றம் கல்லினுடையதன்று. இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது குற்றம்.

முன்னாளில் நம் மக்கள் குளித்தது கிணற்றடியில், துவைகல்லின் மேல் நின்று. அக்கல்லுக்குக் கீழே மண், மேலே வெயில். விழுந்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. கல் அரைமணியில் காய்ந்தது. இன்று வீட்டுக்குள்ளேயே குளியலறை அமைத்துக்கொள்கிறோம். பெண்மக்களுக்கு அதனால் விளைந்துள்ள மறைவும் பாதுகாப்பும் மிகப் பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் வெயில் உள்ளே வருவதில்லை. நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கிறார்கள். ஈரம் இரவுவரை உலர்வதில்லை. கல் மாறவில்லை, அதனைச் சூழ்ந்த நிலைமைதான் மாறிவிட்டது. வெயில் செய்த வேலையை இப்போது வாட்டமும், சந்தடைப்பும், வீட்டாரின் கையும் செய்தாக வேண்டும்.

முதலில் வாங்குகின்ற கல் எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் வெட்டியெடுக்கப்படும் கருங்கல்லை வாணிபத்தில் 'கறுப்புக் கிரானைட்டு' என்று அழைக்கிறார்கள். நிலவியல் கற்றவர் அப்பெயரை ஒப்புக்கொள்ளமாட்டார். உருகிய பாறைக்குழம்பு பழம்பாறைகளின் பிளவுகளில் புகுந்து சுவர்போல் இறுகிய டாலரைட்டு அது. பெயர் எதுவாயினும் அது மிகவும் நெருக்கமான கல். நன்றாக மெருகிட்ட அதன் முகத்தில் நீர் ஏறக்குறைய ஊறுவதேயில்லை. வெளிர் நிறக் கிரானைட்டுகளில் சிறிது ஊறும். இவை இரண்டையும் வீட்டில் புழங்கும் எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ எளிதில் அரிப்பதில்லை.

கடைகளில் இவற்றோடு அடுக்கி வைக்கப்படும் கடப்பைக் கல்லும், கோட்டாக் கல்லும், சலவைக்கல்லும் வேறு இனத்தைச் சேர்ந்தவை. கடப்பைக் கல்லும் கோட்டாக் கல்லும் சுண்ணாம்புக் கற்கள். சலவைக்கல் அச்சுண்ணாம்புக்கல்லே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது. இவை மூன்றும் புளிப்புக்குப் பகை. விலை குறைவென்று கடப்பைக் கல்லைக் கறுப்புக் கிரானைட்டு என்று எண்ணி வாங்கி வந்து, பின்னர் ஆசிட் ஊற்றிக் கழுவி, வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தபின் வருந்துவோர் பலர். கல்லின் உடைந்த துண்டொன்றைக் கேட்டு வாங்கி, அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைச் சில துளி விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அவ்விடம் மங்கிப் போயிருந்தால் அது சுண்ணாம்பு இனம். இன்னொரு சோதனையும் உண்டு. சில இடங்களில் சாம்பல் நிறக் கல்லை எண்ணெயோ சாயமோ பூசிக் கறுப்பாக்கி விற்கிறார்கள். நகப்பூச்சு நீக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துக் கல்லைத் தேய்த்தால் துணி கறுக்கும். அக்கல்லை வாங்காமலிருப்பதே நலம்.

அடுத்தது கல்லின் முகம். இதனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

பாலக்கோடு வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் சென்றிருந்த வீட்டில், மகன் வெளியூரில் உழைத்துச் சேர்த்த பணத்தில் முகம் தெரியும்படி மெருகிட்ட கருங்கல்லால் குளியலறை அமைத்திருந்தார். அவருடைய தாயாரோ கொல்லையில் பழைய துவைகல்லின் மேலேயே குளித்து வந்தார். காரணம் கேட்டதற்கு, "அது கண்ணாடிங்க, அதுல எப்படிக் கால் ஊனறது?" என்றார். அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. நம் மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி என்பது வாசகர்கள் அறிந்ததே. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டிய அது, வேறு நீரில்லாத இடத்தும் 1.5 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர அளவு. அதனினும் மிகுந்த நீரைப் பல்லாண்டு குடித்தவர்களுக்குப் பற்களில் பழுப்புக் கறை படிவதோடு, எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளையாமற் போவதும் உண்டு. இக்கேட்டைத் தணிப்பதற்காக ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீர் மாறினாலும், முன்பே இறுகிவிட்ட மூட்டுகள் இளகிவிடுவதில்லை. அத்தகைய பெரியவர் ஒருவர், சோப்பு நீர் ஓடும் மெருகுக்கல்லில் வழுக்கி விழுந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே தரைக்கு மெருகிட்ட கல் வேண்டாம். சுவருக்கு வேண்டுமானால் இருக்கட்டும். தரைக்குத் தீயால் பொரித்த முகமுடைய கல்லையோ, அம்மி கொத்துவதுபோல் பொள்ளிய கல்லையோ கேட்டு வாங்க வேண்டும். பெரிய பலகைகளைவிடச் சிறு துண்டுகள் மேலானவை. சந்துகள் மிகுதியாக இருப்பதால் காலுக்குப் பிடிப்பு உண்டாகிறது. அவ்வீட்டில் தாயார் நின்று குளிக்கும் இடத்துக் கற்களை மட்டும் பெயர்த்தெடுத்துப் பொரித்த முகமுடைய சிறு கற்களைப் பதித்தார்கள். சுவரில் துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடியொன்றும் பொருத்தினார்கள். இப்போது அம்மையார் உள்ளேயே குளிக்கிறார்.

இனிக் கட்டுமானத்துக்கு வருவோம். கல்லோ, சந்தடைப்போ, மேலே பூசும் சீலரோ நீரைத் தடுக்கும் அணை அல்ல. சந்தின் வழியே சிறிதளவு நீர் எப்போதும் கீழே இறங்கத்தான் செய்யும். அதனைத் தடுத்து வடிகாலுக்குத் திருப்புவது கல்லுக்கு அடியிலுள்ள நீர்காப்புப் பூச்சேயாகும். கான்கிரீட் தளத்தின் மேலும், சுவர்களில் குறைந்தது ஓர் அடி உயரத்துக்கும், ஷவர் விழும் சுவரில் ஆள் உயரத்துக்கும் அப்பூச்சு இருக்க வேண்டும். பூசி உலர்ந்தபின் வடிகாலை அடைத்து நீர் தேக்கி, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுப் பார்த்த பின்னரே கல் பாவத் தொடங்குக. இச்சோதனைக்குப் பொறுமையில்லாமல் அவசரப்பட்டவர்கள் பின்னர் பாவிய கல்லை உடைத்துத்தான் கசிவைத் தேட நேரிட்டது.

வாட்டம் அடிக்குக் கால் அங்குலம். ஐந்தடி நீளமுள்ள அறையில் ஒரு முனைக்கும் வடிகாலுக்கும் ஒன்றேகால் அங்குலம் தாழ்வு இருக்க வேண்டும். கொத்தனார் "கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறேன்" என்பார். ரசமட்டத்தை வைத்துப் பார்க்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். கல்லுக்கு அடியில் சாந்து முழுவதும் பரவியிருக்க வேண்டும். நான்கு மூலையில் நான்கு உருண்டை வைத்து அமுக்கினால் நடுவே பொள்ளல் ஏற்பட்டு அங்கே நீர் தேங்கி நாறும். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமல்லவா? பாவிய கல்லையும் மறுநாள் அவ்வாறே தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி எழும்பினால் அதனை அப்போதே பெயர்த்து மீண்டும் பதிக்கச் சொல்லலாம். ஒரு மாதம் கழித்துச் சொல்ல முடியாது.

சந்தைப் பற்றி நம் பக்கத்தில் ஒரு தவறான பெருமை நிலவுகிறது. "மயிரிழை நுழையாமல் ஒட்டிவிட்டேன்" என்று கொத்தனாரும், அதனை வீட்டாரும் பாராட்டிப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். கல்லோடு கல் முட்டியிருந்தால் அடைக்கும் பொருள் உள்ளே இறங்க வழியில்லை. மேலே மெழுகிய பசை ஆறு மாதத்தில் உதிர்கிறது. நீர் மட்டும் அந்த மயிரிழையில் தாராளமாக இறங்குகிறது. இரண்டு கற்களுக்கு நடுவே ஒரு நூல், அதாவது 3 மில்லிமீட்டர், இடைவெளி விட வேண்டும். நேர்த்தியாக அறுத்த மெருகுக்கல்லாயின் 2 மில்லிமீட்டர் போதும். இடைவெளி ஒரே சீராக இருப்பதற்குச் சிறு பிளாஸ்டிக் குறுக்குகள் கடைகளில் கிடைக்கின்றன.

அடைப்பதற்கு வெறும் வெள்ளைச் சிமெண்டைக் கரைத்து ஊற்றுவதே வழக்கமாக இருந்து வருகிறது. அது மலிவு, ஆனால் உலரும்போது சுருங்கி வெடிக்கும், நீரை உறிஞ்சும், விரைவில் பொடியும். பசைச் சத்துச் சேர்த்துப் பையில் விற்கப்படும் சந்தடைப்புத் தூள் அதனினும் நெடுநாள் உழைக்கும். ஒரு நூலுக்குக் குறைந்த சந்துக்கு மணல் கலவாத தூளும், அதற்கு மேற்பட்ட சந்துக்கு மென்மணல் கலந்த தூளும் ஏற்றவை. மெருகிட்ட சலவைக்கல்லில் மணல் கலந்ததைத் தேய்த்தால் கீறல் விழும். எபாக்சி என்னும் பிசின் வகை மிக உறுதியானது. நீரும் எண்ணெயும் அதில் ஊறா. ஆயினும் விலை மிகுதி. விரைவில் இறுகிவிடுவதால் பழகாத கையில் கல் முழுவதும் பிசுக்காகிவிடும். பொரித்த முகமுடைய கல்லில் அவ்வாறு ஒட்டிக்கொண்டதைப் பிறகு எடுப்பது பெரும்பாடு. அக்கையாள் எபாக்சியில் பழகியவர் என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி, குளியலறைத் தரையில் அவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டாம் என்பது நம் கருத்து.

கல் பாவி ஒரு நாள் கழிந்த பின்னரே சந்தடைக்கும் வேலை. சந்திலுள்ள சாந்தையும் மண்ணையும் சுரண்டித் துடைத்து, இலேசாக ஈரப்படுத்திக்கொள்க. தூளைப் பையில் குறித்த அளவு நீரிலேயே பிசைய வேண்டும்; எளிதில் வழியட்டுமென்று ஒரு குவளை நீரை மேலும் ஊற்றுவதுதான் வெடிப்புக்கு விதை. நீர் நல்ல நீராக இருப்பது அவசியம். உவர்நீரில் பிசைந்தால் பின்னர் வெள்ளை உப்புப் பூக்கும். இரப்பர்ப் பலகையைச் சாய்வாகப் பிடித்து, சந்துக்குக் குறுக்காக அழுத்தித் தள்ளினால் கலவை அடிவரை இறங்கும். இருபது நிமிடம் கழித்து, நன்கு பிழிந்த பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்த பஞ்சு சந்திலுள்ள சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். விரைவில் காயட்டுமென்று மேலே உலர்ந்த சிமெண்டைத் தூவுவதும் தவறு. பிறகு மூன்று நாள் சந்தை ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும். அதுவரை வீட்டார் கொல்லையில்தான் குளிக்க வேண்டும். கல் வெளிர் நிறமும் நீர் உறிஞ்சும் தன்மையும் உடையதாயின், அடைப்பதற்கு முன்னரே ஒருமுறை சீலர் பூசிவிட்டால் சிமெண்டுக் கறை கல்லில் ஏறாது.

தரையும் சுவரும் கூடும் மூலையைச் சிமெண்டால் அடைக்கவே கூடாது. தரை ஒரு விதமாகவும் சுவர் ஒரு விதமாகவும் வெப்பத்தில் விரிவதால் அவ்விடம் கட்டாயம் வெடிக்கும். சுவர் ஓதத்துக்கு அதுவே தலைவாசல். அங்கே இழுத்தால் இழுபடும் சிலிக்கோன் பசையை இட வேண்டும். அதிலும் வினிகர்போல் புளிப்பு வாடை வீசும் வகை சுண்ணாம்புக் கல்லை அரிக்கும். வாடையற்ற நடுநிலை வகையைக் கேட்டு வாங்குக.

சீலர் பூச வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். கடைக்காரர் எல்லாக் கல்லுக்கும் வேண்டும் என்பார். கல்லே விடை சொல்லும். நன்கு உலர்ந்த கல்லின் மேல் ஒரு கரண்டி நீரைவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். நனைந்த இடம் கறுத்துத் தெரிந்தால் கல் நீரை உறிஞ்சுகிறது; சீலர் தேவை. தெரியாவிட்டால் அதற்கு ஆகும் செலவு வீண். மெருகிட்ட நம் கருங்கல்லில் பெரும்பாலும் தேவைப்படாது. அவ்விடத்தில் பூசினால் உள்ளே இறங்காமல் மேலே பிசுபிசுத்து நிற்கும். சிமெண்டுச் சந்துகளுக்குப் பூசினால் நல்லதே. கல்லுக்குள் ஊறி மறையும் வகையையே வாங்க வேண்டும். மேலே படலமாக நின்று பளபளக்கும் வகை, கீழிருந்து வரும் ஈரத்தை அடைத்து வைத்துக் காலப்போக்கில் உரியும். ஈரத்தில் வழுக்கவும் செய்யும். சந்து இறுகி அறை நன்கு உலர்ந்தபின், கதவும் சன்னலும் திறந்து வைத்து, அருகில் நெருப்பில்லாமல் பூசுக. சில நிமிடங்களில் ஊறாமல் மேலே நிற்பதைத் துணியால் முற்றிலும் துடைத்துவிட வேண்டும். மறுமுறை எப்போது என்பதையும் அதே நீர்ச் சோதனை காட்டும். நாள் கணக்கு வேண்டுவதில்லை.

இனி அன்றாடப் பராமரிப்பு. ஒகேனக்கல் நீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரில் குளிப்பதே பல வீடுகளில் வழக்கம். புளூரைடு தோலின் வழியாக ஏறிக் கேடு செய்வதில்லை. ஆகவே அது சரியான ஏற்பாடே. ஆனால் அந்நீர் கடினநீராயின் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து, உலரும் இடமெல்லாம் வெள்ளைப் படலமாகத் தங்குகிறது. சோப்போடு சேர்ந்து பிசுக்காகவும் ஆகிறது. கடைசியாகக் குளிப்பவர் இரப்பர்த் துடைப்பானால் தரையையும் சுவரையும் ஒருமுறை வழித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் பாதிக்கு மேற்பட்ட தொல்லை நீங்கும். ஒரு நிமிட வேலைதான். அதனைக் குடும்பத் தலைவிக்கே என்று ஒதுக்காமல் ஆண்மக்களும் செய்யலாம்.

வாரம் ஒருமுறை, பாத்திரம் துலக்கும் மென்மையான சோப்புத் திரவத்தை நீரில் கலந்து, நார்த் தூரிகையால் தேய்த்து அலசினால் போதும். படலம் தடித்துவிட்டால் சமையல் சோடாவைக் குழைத்துத் தடவித் தேய்க்கலாம்; தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பாலோ மரச் சீவலாலோ சுரண்டலாம். ஆசிட்டை மட்டும் தொட வேண்டாம். கிரானைட்டு தாங்கிக்கொண்டாலும் சந்திலுள்ள சிமெண்டு தாங்காது. அது நுரைத்துக் கரைவதைப் பார்த்து அழுக்குப் போகிறதென்று மகிழ்கிறோம். கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் என்னும் நச்சுக்காற்று எழும்பும். சன்னல் இல்லாத நான்கடி அறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதுகூடத் தவறு.

எண்ணெய்க் குளியல் நம் வழக்கம். அதனைக் கல்லுக்காக விட வேண்டியதில்லை. எண்ணெய் முழுக்கு முடிந்தவுடன் வெந்நீரும் சோப்பும் கொண்டு தரையைக் கழுவிவிடுக. வழுக்கி விழும் அபாயம் அன்றுதான் மிகுதி. வெளிர்க்கல்லில் எண்ணெய் ஊறிக் கருந்திட்டாகிவிட்டால், சமையல் சோடாவை நீரில் தயிர்ப் பதமாகக் குழைத்து அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை ஒட்டி ஒரு நாள் வைக்க வேண்டும். பிறகு தாளை எடுத்து நன்றாகக் காயவிட்டால், காய்கின்ற குழம்பு எண்ணெயைக் கல்லிலிருந்து மேலே இழுத்துக்கொள்ளும். ஒருமுறையில் முழுதும் போகாது. இரண்டு மூன்று முறை செய்க. மஞ்சள் கறையும் மருதாணிக் கறையும் இதற்கு எளிதில் மசிவதில்லை. உடனுக்குடன் கழுவுவதே வழி.

ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், அறை நன்கு உலர்ந்திருக்கும் ஒரு நாளில் சந்துகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பொடி ஒட்டினாலோ, பிளவு தெரிந்தாலோ அப்பகுதியை மட்டும் கூரிய கருவியால் கல்லின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குச் சுரண்டியெடுத்துப் புதிதாக அடைக்கலாம். பழைய சந்தின் மேலேயே புதுக் கலவையை மெழுகினால் அது சில வாரங்களில் ஏடாகப் பெயர்ந்துவிடும். மூலைச் சிலிக்கோன் கறுத்தோ சுவரைவிட்டு விலகியோ இருந்தால் முழுவதையும் உரித்தெடுத்து, அவ்விடத்தை இரண்டு நாள் உலரவிட்டுப் புதிதாக இடுக. ஒரே சந்து மீண்டும் மீண்டும் வெடிக்குமாயின் பக்கத்துக் கல்லைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கு அடியில் சாந்து பிடிக்காமல் கல் ஆடிக்கொண்டிருக்கும். அக்கல் ஒன்றைப் பெயர்த்து மறுபடியும் பதித்தால் சந்தும் நிலைத்துவிடும்.